இருளாண்டிக்கு நடந்த ஆபரேஷன்

எங்கள் புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், டாக்டரிடம் போவதற்கு முன்னால் நாகமுத்து மாமாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் டாக்டர் இல்லை. மரண சகாய நிதிக்குத் தலைவர். பெட்டிக்குச் சொல்வது, வேன் பிடிப்பது, சுடுகாட்டுக்கு நேரம் கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. அப்படிப்பட்டவர் வந்து நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்தால் வாசலில் வேன் நிற்கிறதா என்று நான் எட்டிப் பார்ப்பேன். மற்றவர்களுக்கோ அது பெரிய தைரியம். இதில் என்ன நியாயம் என்று ஒரு முறை அவரிடமே கேட்டுவிட்டேன். "ஒனக்கு வாய் நீளம், விஜயராணி" என்றார். அளந்து பார்த்து வைத்திருப்பார் போலிருக்கிறது.

அவர் என் கணவருக்கு அண்ணன். என் கணவர் சிவசாமி, செங் வட்டாரத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சின்ன வயதில் அப்பா போன பிறகு அண்ணன்தான் வளர்த்தார். அந்த நன்றி நல்ல நன்றிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டிய மனிதர், வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்றுகூட அண்ணனைக் கேட்டுத்தான் சொல்வார். எங்கள் வீடு பச்சையாக இருப்பது அதனால்தான். எனக்குப் பச்சை பிடிக்காது.

நானும் செங்கில்தான் வேலை செய்கிறேன், ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில். பழுதான சாமானைத் தனியாக எடுத்துப் போடுவது என் வேலை. வீட்டுக்கு வந்தும் அம்மா அதே வேலையை மனிதர்களிடம் செய்கிறாள் என்று என் மகள் தாரணி கிண்டல் செய்வாள். அவள் கோலாலம்பூரில் படிக்கிறாள், தப்பித்துக்கொண்டாள்.

என் கணவருக்கு முதுகு வலி வந்த கதையும் அண்ணனில்தான் தொடங்குகிறது. கோயில் பந்தலுக்கு வந்த இரும்புக் கம்பங்களை லோரியிலிருந்து இறக்க ஆள் பற்றவில்லை. "சிவசாமி இருக்கான்ல, அவன் ஒருத்தன் நாலு பேருக்குச் சமம்" என்று அண்ணன் ஊர் முன்னால் சொல்லிவிட்டார். நாலு பேருக்குச் சமமானவர் இரண்டாவது கம்பத்தைத் தூக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் இடது பிட்டத்திலிருந்து தொடை வழியாகக் கணுக்கால் வரை நெருப்புக் கம்பியை இழுத்தது மாதிரி வலி. தும்மினால் அலறினார். கூடத்தில் தரையில் பாயைப் போட்டுப் படுத்தவர், அங்கிருந்தே தொலைக்காட்சியையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே வைத்தியம் சொல்லும் கூட்டம் கிளம்பியது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மைலோ சத்துமாவுப் பாக்கெட், வாயில் ஒரு மருந்து. ஒருவர் முருங்கைப்பட்டை அரைத்துப் பூசச் சொன்னார். ஒருவர் மெத்தையில் படுக்கக்கூடாது என்றார், அடுத்து வந்தவர் தரையில் படுத்ததால்தான் வந்தது என்றார். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா அக்கா யார் கண் பட்டது என்று கண்டுபிடித்துப் பெயரும் சொன்னார். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரே வசனத்தில் ஒன்றுசேர்ந்தார்கள்: "ஆபரேஷன் மட்டும் வேணாம்லா. மஸ்ஜித் தானா இருளாண்டிய மறந்துராதீங்க."

இந்த இருளாண்டி எங்கள் வட்டாரத்தில் பெரும் பிரபலம். மஸ்ஜித் தானா ஊர்க்காரர், லோரி ஓட்டிக்கொண்டிருந்தவராம். முதுகில் கத்தி வைத்தார்களாம். அன்றைக்குப் படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லையாம். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டால் ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்தவர் சொன்னார், அவருக்குத் தெரிந்தவர் சொன்னார், கடைசியில் எல்லா வழியும் நாகமுத்து மாமா வீட்டு வாசலில் போய் முடியும். மாமா மட்டும்தான் அவரோடு ஒரே ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மாமா சொன்னால் அப்புறம் யார் போய்ப் பார்ப்பது?

ஒரு மாதம் பார்த்துவிட்டு நான் பெரியாஸ்பத்திரியில் நரம்பு அறுவை மருத்துவரிடம் நாள் வாங்கினேன். மாமாவும் கூடவே வந்தார். உள்ளே உட்கார்ந்திருந்த டாக்டர் லக்ஷனா யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. மாமா அவரைப் பார்த்து, "பெரிய டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார்.

"வந்திட்டா. நான்தான்" என்றார் டாக்டர். மாமாவின் முகம் தொங்கிப்போனது. எனக்கு அந்த ஒரு நிமிடத்துக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தது போதும் என்றிருந்தது.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். "இந்த எலும்புக்கும் அந்த எலும்புக்கும் நடுவில மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கு. அது பிதுங்கி வந்து காலுக்குப் போற நரம்பை அமுக்குது. அதுதான் வலி. இப்ப ஆபரேஷன் தேவையில்லை. நிறையப் பேருக்கு மருந்தும் பயிற்சியுமே காணும், அதுவே போதும். ஆனா ஒண்டைக் கவனமாக் கேளுங்கோ ஐயா. பாதத்தைத் தூக்க ஏலாமப் போனாலோ, உட்காருற இடம் மரத்தாலோ, சிறுநீர் போறதில கஷ்டம் வந்தாலோ, உடனே இங்க வரோணும். வலி போயிட்டுதெண்டு வீட்டில சந்தோஷமா இருந்திடாதையுங்கோ. வலி எண்டா நரம்பு கத்துது. கத்துறது திடீரெண்டு நிண்டா, சில நேரம் அது சாகுதெண்டு அர்த்தம்."

வெளியே வந்ததும் மாமா கார் நிறுத்துமிடத்தில் நின்று போனை எடுத்தார். "ஆமாலா. டாக்டரே ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்ல?"

"மாமா, அவங்க இன்னும் பாதி சொன்னாங்களே" என்றேன்.

"அது அவங்க பொழப்புக்கு பயங்காட்டுறது."

ஒரே அறையில் ஒரே பேச்சை மூன்று பேர் கேட்டோம். என் கணவர் எதைக் கேட்டார் என்று பார்த்தேன். அவர் அண்ணன் முகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பயிற்சிக்கு இரண்டு முறை போனார். காலை நீட்டி மடக்குவதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று மூன்றாம் முறை மாமா நிறுத்திவிட்டார். அலோர் காஜா பக்கம் உருவிவிடுகிறவர் ஒருவர் இருக்கிறாராம், அவர் கை பட்டால் நரம்பு தானாக இடத்துக்கு வந்துவிடுமாம். நான் வேலையில் இருந்த நேரம் பார்த்து அழைத்துப் போனார்கள். குப்புறப் படுக்க வைத்து எண்ணெயைக் கவிழ்த்து முழங்கையால் அழுத்தி, கடைசியில் அந்த ஆள் முதுகின் மேல் ஏறி நின்றாராம். என் கணவர் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்து நாய்கள் குரைத்ததாக மாமா பெருமையாகச் சொன்னார். "கெட்ட காத்து வெளியேறுது" என்று அந்த ஆள் விளக்கம் சொன்னாராம். நான் சண்டை போட்டேன். மூன்று நாள் சமைக்கவில்லை. அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தார்.

அப்புறம் அதிசயம் நடந்தது. வலி போய்விட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் எழுந்தவர் தும்மினார், அலறவில்லை. இன்னொரு முறை வேண்டுமென்றே தும்மிப் பார்த்தார். "விஜயா, இல்லலா! சுத்தமா இல்ல!" என்று கண் கலங்கி நின்றார். எனக்கும் கண் கலங்கியது. மனிதர் பட்ட வேதனையைக் கூட இருந்து பார்த்தவள் நான். டாக்டர் சொன்னது மனதின் மூலையில் உறுத்தினாலும், அந்தச் சந்தோஷத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு, விருந்து. ஆட்டுக்கறி மாமா வாங்கிக் கொடுத்தார், சமைத்தது நான். கார் நிற்கும் இடத்தில் மேசை போட்டுத் தாமானில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா நடுநாயகமாக இருந்து, "நடந்து காட்டுலா சிவசாமி" என்றார். இவர் வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்து காட்டினார். இடது கால் தரையில் விழும்போது டப் டப்பென்று ஒரு சத்தம் வந்தது.

"நடையே கம்பீரமா மாறிருச்சு பாருங்க" என்றார் குஞ்சம்மா அக்கா.

சாப்பாடு முடிந்து கிளம்பிய ஒருவரை வழியனுப்பக் கேட் வரை போனார் என் கணவர். கையாட்டிவிட்டுத் திரும்பி வந்து என் முன்னால் நின்று, "பாயசம் இருக்கா?" என்றார். நான் அவர் காலைப் பார்த்தேன். வலது காலில் சிலிப்பர் இருந்தது. இடது காலில் இல்லை. அது கேட்டருகே சாக்கடையை ஒட்டிக் கிடந்தது. பட்டப்பகல் வெயிலில் சிமெண்டுத் தரை கொதித்துக்கொண்டிருந்தது. நான் சிலிப்பர் போட்டும் கால் மாற்றி மாற்றி நிற்கிறேன். அவர் வெறுங்காலை அதன் மேல் பதித்து நின்று பாயசம் கேட்கிறார்.

"ஒங்க சிலிப்பர் எங்க?" என்றேன்.

குனிந்து பார்த்தார். "அட, எங்க போச்சு?"

"இடது கட்டை விரலத் தூக்குங்க."

"என்னா வெளையாட்டு, ஆளுங்க இருக்கறப்ப?"

"தூக்குங்க."

"தூக்கிட்டேன்லா" என்றார்.

விரல் அப்படியே கிடந்தது.

மாமா அங்கிருந்தே, "எண்ண உள்ள எறங்கி வேல செய்யிது. கொஞ்சம் மரக்கத்தான் செய்யும்" என்றார். அங்கே நின்று வாதாடினால் சாயங்காலம் வரை வாதாட வேண்டும், கடைசியில் கணவர் அண்ணனைப் பார்ப்பார், அண்ணன் தலையை ஆட்டுவார். அதனால் பொய் சொன்னேன். "ஐஸ் தீந்துருச்சு. கடைக்குப் போய்ட்டு வந்துருவோம், வாங்க" என்று காரில் ஏற்றினேன். ஆஸ்பத்திரிச் சாலையில் திரும்பும்போதுதான், "ஐஸ் வாங்க இவ்ளோ தூரமா?" என்று கேட்டார்.

மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் லக்ஷனா அவர் பாதத்தைப் பிடித்து மேலே தள்ளச் சொன்னார். அவர் பல்லைக் கடித்துத் தள்ளினார், பாதம் துணி மாதிரி தொங்கியது.

"தட்டு உடைஞ்சு ஒரு பெரிய துண்டு நரம்பு மேல உட்கார்ந்திருக்கு" என்றார் டாக்டர். பிறகு முதுகில் இருந்த கன்றலைப் பார்த்தார். "யாரும் ஏறி நிண்டவையோ?"

என் கணவர் சுவரைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல எடுத்திடுறன். தள்ளிப் போடப் போடப் பாதம் திரும்பி வாறது கஷ்டம். இதிலயும் ஆபத்து இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா விட்டா வாறது இதைவிடப் பெரிய ஆபத்து. நீங்க கையெழுத்துப் போட்டா காணும்."

"அண்ணன் வரட்டும்" என்றார் என் கணவர்.

"முதுகு ஒங்களோடதா, ஒங்க அண்ணனோடதா?" என்று கேட்டேன். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பா கோபமா தெரியவில்லை.

சாயங்காலம் மாமா படையோடு வந்தார். கட்டில் கால்மாட்டில் நின்று, சாவு வீட்டில் பேசுகிற அதே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். "சிவசாமி, நான் ஒனக்குக் கெட்டது சொல்லுவேனா? இருளாண்டிய நெனச்சுப் பாரு. மலை மாதிரி இருந்தவன். கத்தி வச்சதோட சரி. இன்னிக்கும் பொண்டாட்டிதான் அள்ளிப் போடுறா. ஒனக்கு அந்தக் கதி வேணுமா?"

அவர்கள் போன பிறகு என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்படிப் பிடித்தது இல்லை. "எனக்கு சாகுறதுக்கு பயமில்ல விஜயா. படுத்துட்டா நீதானே எல்லாத்தையும் அள்ளணும். வேணாம்லா. காலு போனா போகட்டும், நொண்டிக்கிட்டு இருந்துர்றேன். அண்ணன் காலைல கார் கொண்டாறேன்னு சொல்லிருச்சு."

அதுவரை அவர்மேல் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது. அவர் பயப்படுவது கத்திக்கு இல்லை, எனக்குப் பாரமாகிவிடுவோமோ என்பதற்கு. பயங்காட்டியது டாக்டரும் இல்லை, நோயும் இல்லை, நான் கண்ணாலேயே பார்த்திராத ஒரு இருளாண்டி. சரி, அந்த மனிதரைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நிஜமாகவே ஆபரேஷனால்தான் விழுந்தார் என்றால் நானே கணவரை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். குஞ்சம்மா அக்காவின் தங்கை மஸ்ஜித் தானாவில் கடை வைத்திருக்கிறார். அவரிடம் வீட்டைக் கேட்டுக்கொண்டு விடிந்ததும் காரை எடுத்தேன்.

கடைவரிசைக்குப் பின்னால் பலகை வீடு. கதவைத் திறந்தவர் இருளாண்டியின் மனைவி கருப்பாயி. கூடத்தில் ஜன்னலோரக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். மேல் உடம்பு இன்னும் லோரிக்காரர் உடம்புதான். போர்வைக்குக் கீழே இரண்டு கால்களும் குச்சியாகக் கிடந்தன. எந்த நாற்றமும் இல்லை, கருப்பாயி அக்கா அப்படி வைத்திருந்தார். நான் யாரென்று சொல்லி, வந்த காரணத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஒங்கள எங்க தாமான்ல தெரியாத ஆளே இல்லண்ணே. யாருக்கு முதுகு வலின்னாலும் ஒங்க பேரத்தான் சொல்லுவாங்க."

"அப்படியா?" என்று சிரித்தார். "இவ்ளோ பேரு சொல்றாங்க, ஒருத்தன்கூட வந்து பாக்கலையே தங்கச்சி."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். "ஆபரேஷன் எங்கண்ணே செஞ்சாங்க? என்னா தப்பாப் போச்சு?"

அவர் மனைவியைப் பார்த்தார். கருப்பாயி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சொல்லிருங்க. இன்னும் எத்தன காலத்துக்கு?" என்றார்.

"ஆபரேஷனே செய்யல தங்கச்சி. நாள் குறிச்சு, வார்டுல படுக்க வச்சு, சாப்பாட்டக்கூட நிறுத்திட்டாங்க. விடிஞ்சா கூட்டிட்டுப் போகணும். நாகமுத்து வந்தாரு. கத்தி வச்சா எந்திரிக்கமாட்ட, வான்னாரு. நானும் பயந்தாங்கொள்ளி, எந்திரிச்சு வந்துட்டேன். அப்பறம் உருவுனாங்க, மிதிச்சாங்க. மொதல்ல வலி போச்சு. அப்பறம் காலு போச்சு. அப்பறம் எல்லாம் போச்சு."

"அப்ப ஏண்ணே ஆபரேஷன்னு..."

"ஓடிவந்து கெட்டான்னு சொன்னா சிரிப்பானுங்க. ஆபரேஷன்ல கெட்டான்னா பாவம்பாங்க. மொதல்ல நாகமுத்துதான் அப்படிச் சொன்னாரு. எனக்கும் அது வசதியா இருந்துச்சு, விட்டுட்டேன்."

நான் போனை எடுத்தேன். வீடியோவில் என் கணவர் முகம் தெரிந்தது. சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாகமுத்து மாமா. அவர் கக்கத்தில் பூப்போட்ட உறை போட்ட பெரிய தலையணை ஒன்று.

"இங்க ஒருத்தர் ஒங்ககிட்ட பேசணுமாம்" என்று போனை இருளாண்டி முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"யாரு, சிவசாமியா? நான் இருளாண்டி. டேய் தம்பி, எனக்கு யாருடா ஆபரேஷன் செஞ்சா? செஞ்சிருந்தா நான் ஏண்டா இப்படிக் கெடக்குறேன்? செய்ய இருந்த அன்னிக்கி ஒங்கண்ணன்தான்டா வந்து..." அவர் நிறுத்தினார். போனுக்குள் எதையோ உற்றுப் பார்த்தார். "கருப்பாயி, இங்க வந்து பாரேன். தலையணையோட நிக்கிறாரு. எனக்கும் இப்படித்தான் தலையணையோட வந்தாரு. பின் சீட்ல போட்டு, அலுங்காம கூட்டிட்டுப் போறேன்னு."

மாமா போனைப் பார்க்காமல், "லைன் சரியில்ல. ஒண்ணும் கேக்கல" என்றார். எனக்கு இங்கே கருப்பாயி அக்கா மூக்கை உறிஞ்சுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

என் கணவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாண்ணே?" என்றார்.

"அதெல்லாம் பழைய கத. அப்ப இருந்த டாக்டருங்க வேற..." மாமா தலையணையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி இருளாண்டிக்கு ஆபரேஷன் நடந்துவிட்டதாக அவரே நம்பிவிட்டார். நம்பாவிட்டால் அந்த மனிதருக்குத் தூக்கம் வந்திருக்காது.

"நர்ஸக் கூப்புடு விஜயா. இல்ல, நீ அங்க இருக்க. நானே கூப்புட்டு கையெழுத்துப் போடுறேன்" என்றார் என் கணவர். அண்ணனைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அது. போன் வழியாகப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் சோர்ந்திருந்தார். "துண்டை எடுத்திட்டன். நரம்பு இப்ப சும்மா இருக்கு. அது எவ்வளவு திரும்பி வருமெண்டு அதுதான் சொல்லோணும். ஒரு கிழமை முந்தி வந்திருந்தா நான் தைரியமாச் சொல்லியிருப்பன்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம், அந்த ஒரு வாரம், இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மறுநாளே எழுப்பி நடக்கவிட்டார்கள். அதற்கு முன் படுக்கையிலிருந்து எழுவதற்கே பாடம். உடம்பை முறுக்காமல் கட்டை மாதிரி ஒருக்களித்து உருண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். பயிற்சி கொடுத்த விமலன், "அங்கிள், குனியக்கூடாது, திருகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது" என்று பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கவைத்தான். பாதம் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கியை ஷூவுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மைலோ கூட்டம் மறுபடியும் வந்தது. இந்த முறை விரால் மீன் சூப்போடு. காயம் ஆற விரால் சூப்புதான் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்ததில், எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால்கூட விரால் வரும்போலிருந்தது. முன்னமே போன வலி திரும்பி வரவில்லை. பாதம் மட்டும் மெல்ல மெல்ல, அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி, இஷ்டப்பட்ட அன்றைக்கு ஒரு துளி அசைந்தது. கட்டை விரல் இன்னும் முழுதாக எழவில்லை. எழாது என்றுதான் நினைக்கிறேன். அவர் எதிரில் அப்படிச் சொல்வதில்லை.

நாகமுத்து மாமா கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை. இரண்டு மரணங்களை முன்னின்று நடத்தியதாகக் கேள்வி. பிறகு மெல்லத் தலைகாட்டினார். அதற்குள் கதை மாறியிருந்தது. சாப்பாட்டுக் கடையில் அவர் சொன்னதைக் குஞ்சம்மா அக்கா வந்து சொன்னார்: தம்பியைச் சரியான நேரத்தில் சரியான டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததே மாமாதானாம். அந்தப் பெண் டாக்டர் கெட்டிக்காரி என்று முதலில் கண்டுபிடித்ததும் அவர்தானாம். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன். என் கணவர், "விடுலா, அதுக்கு வேற என்னா இருக்கு சொல்ல" என்றார். அண்ணனை அவர் 'அது' என்று சொன்னது பாசத்திலா வேறெதிலா என்று நான் கேட்கவில்லை.

மாசி மகத்துக்குச் செங் மலைக்கோயிலுக்குப் போனோம். நான் விடிந்ததும் மஸ்ஜித் தானா போய் இருளாண்டி அண்ணனையும் கருப்பாயி அக்காவையும் காரில் ஏற்றி வந்தேன். அவர் வீட்டை விட்டு வெளியே வந்தே பல வருடமாகியிருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, காவடிகளைப் பார்த்துக் குழந்தை மாதிரி வாயைத் திறந்து வைத்திருந்தார்.

அன்னதானக் கொட்டகையில் நாகமுத்து மாமா பாயச வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். என் கணவருக்கு எதிரே கிஷன் உட்கார்ந்திருந்தான். தாமான் பையன், புதிதாகக் கல்யாணமானவன். சில வாரமாக முதுகு வலி, டாக்டர் ஆபரேஷன் என்கிறார், பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாமா வாளியைக் கீழே வைத்தார்.

"எதுக்குலா பயம்? காலம் மாறிப்போச்சு. கண்ண மூடிக்கிட்டு செஞ்சுக்க. என் தம்பியப் பாரு, நான்தான் முன்ன நின்னு செய்ய வச்சேன். நடக்குறான்ல?"

மேசைக் கடைசியில் இருந்த சக்கர நாற்காலியை மாமா கவனிக்கவில்லை. கிஷன் கவனித்தான். மரியாதையான பையன், விசாரித்தான். "அங்கிள், ஒங்களுக்கும் முதுகுதானா? ஒங்களுக்கு யாரு செஞ்சா ஆபரேஷன்?"

இருளாண்டி வாயிலிருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு மாமாவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அதோ, நாகமுத்துதான் தம்பி. பெரிய டாக்டரு. கத்திகூட எடுக்கல. ஒரு தலையணையிலயே முடிச்சிட்டாரு."

கிஷன் சிரிக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. மாமா பாயசக் கரண்டியைத் தூக்கியபடி நின்றார், அது சொட்டுச் சொட்டாக அவர் வேட்டியில் வடிந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் என் கணவர் அண்ணன் முகத்தைத்தான் பார்ப்பார். இன்றைக்கு அவர் குனியாமல் திருகாமல், சொல்லிக் கொடுத்தபடி மேசையில் கையை ஊன்றி எழுந்தார். தாங்கி வைத்த காலை எடுத்து எடுத்து வைத்து நடந்துபோய் இருளாண்டியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே, ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக மாமாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, இருளாண்டி அண்ணன் இலையில் பாயசம் ஊற்றினேன்.